வாத்துகள் கிளம்பும் வரை

மேட்டுக்காட்டில் காட்டெருமைகள் இருந்தன. பள்ளக்காட்டில் யானைகள் இருந்தன. இரண்டு காட்டுக்கும் நடுவே, கிழக்கு மேற்காக, நீளமாக ஒரு புல்வெளி கிடந்தது. அதற்கு நடுப்புல் என்று பெயர். அது யாருக்கும் சொந்தமில்லை.

அந்த நடுப்புல்லில், விழுந்து கிடந்த ஒரு மருதமரத்தின் பொந்துக்குள் சருகுமான் ஒருத்தி குடியிருந்தாள். பெயர் நுணா. சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சின்னச் சத்தம் கேட்டாலும் சருகோடு சருகாக ஒட்டிக்கொள்ளும் இனம் அது. நுணா மட்டும் அந்த இனத்தில் தப்பிப் பிறந்தவள். சத்தம் கேட்டால் தலையை நீட்டி, "யாரு? எதுக்கு?" என்று கேட்பாள். பதில் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு முறையும் கேட்பாள்.

முன்னொரு காலத்தில் எல்லையில் ஒரு பலாமரம் நின்றது. மரம் யாருக்கு என்று இரண்டு காட்டுக்கும் சண்டை வந்தது. சண்டை முடிவதற்குள் மரம் பட்டுப்போய் விழுந்துவிட்டது. கோபம் மட்டும் விழவில்லை. "அவங்க இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது, நாமும் அந்தப் பக்கம் வைக்க மாட்டோம்" என்று ஆளுக்கொரு சபதம் போட்டுக்கொண்டார்கள். புல்லுக்குக் கொண்டாட்டம். மேய ஆளில்லாமல் அது யானையின் காதுயரத்துக்கு வளர்ந்தது. காய்ந்தது. மறுபடி வளர்ந்தது.

சபதம் வாயளவில்தான் இருந்தது. உப்புமண் பள்ளக்காட்டில் இருந்தது. கோடையிலும் வற்றாத ஊற்று மேட்டுக்காட்டில் இருந்தது. உப்பு நக்காமல் காட்டெருமைக் கன்றுகள் தேறாது. கோடையில் ஊற்று இல்லாமல் யானைகள் தாங்காது. என்ன செய்வது? உச்சிவெயிலில் எல்லாரும் கண் செருகிக் கிடக்கும் நேரம் பார்த்து, காட்டெருமைகள் மேற்குத் தடத்தில் உப்புமண்ணுக்குப் போய்வந்தன. யானைகள் கிழக்குத் தடத்தில் ஊற்றுக்குப் போய்வந்தன. உப்புமண்ணருகே படுத்திருக்கும் யானை அந்த நேரம் புரண்டு மறுபக்கம் படுத்துக்கொள்ளும். ஊற்றருகே நிற்கும் காட்டெருமை அண்ணாந்து மேகத்தைப் பார்க்கும்.

இதில் ஒரு கூத்து உண்டு. போகிற வழியில் ஒரு புல் நுனியைக்கூட யாரும் கடிப்பதில்லை. கடித்தால் தடயம் ஆகிவிடுமே! முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்திலேயே பின்னால் வருகிறவரும் கால் வைப்பார். அவ்வளவு பெரிய உடம்புகள் ஒற்றையடிப் பாதையில் வயிற்றை எக்கிக்கொண்டு போவதை, இரண்டு தடத்துக்கும் நடுவிலிருந்த தன் பொந்திலிருந்து நுணா தினமும் பார்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடுப்புல்லில் தீப் பிடித்தது. கிழக்கே மூங்கில் உரசிப் பிடித்த தீ, புல்லோடு புல்லாக மேற்குவரை ஓடியது. இரண்டு காட்டின் ஓரமும் கருகின. நுணாவின் தலைச்சன் குட்டி அதில் போனது. பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தீயின் வேகத்துக்கு அதனால் ஓட முடியவில்லை.

இந்த வருடம் அவள் வயிற்றில் மறுபடியும் குட்டி இருந்தது. புல்லும் மறுபடி காதுயரத்துக்கு நின்றது.

"இந்தப் பொந்தை விட்டு எங்கயாவது போயிடேன்" என்றது பக்கத்துக் கௌதாரி.

"எங்க போக? மேட்டுக்காட்டுல கேட்டேன். நீ பள்ளக்காட்டுக்காரிதானேன்னாங்க. பள்ளக்காட்டுல கேட்டேன். மேட்டுக்காட்டு வேவுக்காரின்னாங்க. ரெண்டு பக்கமும் எனக்குக் கதவு சாத்தியிருக்கு. நான் ஏன் போகணும்? புல்லு போகட்டும்."

மார்கழியில் ஏரிக்கு வாத்துகள் வந்து இறங்கின. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துகள். பெரிய மலைகளைத் தாண்டி, வடக்கே வெகுதூரத்திலிருந்து வருகிறவை. அவற்றின் தலைவர் நோர்பு நாலு தேசம் பார்த்தவர் என்பதால், இரண்டு காட்டுத் தலைமையும் அவரிடம் யோசனை கேட்கத் தீர்மானித்தன. தீயை நினைத்து இருவருக்குமே உள்ளூர பயம்தான்.

கூட்டம் நடுப்புல்லின் மேற்குக் கோடியில் இருந்த பாறையில் நடந்தது. பாறை புல் ஆகாது, ஆகவே சபதத்தில் சேராது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. யானைகளின் தலைவி வேலாத்தா ஒரு பக்கம் நின்றாள். காட்டெருமைத் தலைவன் சுழியன் மறுபக்கம் நின்றான். நடுவே ஈட்டியப்பர் என்ற முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தார். களிமண் பலகையில் முள்ளால் எழுதத் தெரிந்தவர் இரண்டு காட்டிலும் அவர் ஒருவர்தான். அந்த மிடுக்கு அவர் நடையிலேயே இருக்கும்.

"உங்க ஊர்ப் பக்கமெல்லாம் எல்லைப் புல்லை எப்படிப் பாத்துக்கறாங்க?" என்று வேலாத்தா கேட்டாள்.

நோர்பு இறகைக் கோதிக்கொண்டார். "ஊருக்கு ஊர் வேற மாதிரி. மேற்கே மணல் காட்டுல ஒரு கிழட்டுச் சிங்கம் இருக்கு. அது எல்லையில நின்னு உறுமும். ரெண்டு பக்கமும் பயந்துபோய் மேஞ்சு முடிச்சிடுவாங்க. அது தூங்கினா அன்னைக்கு வேலை நடக்காது."

"வேண்டவே வேண்டாம்" என்றான் சுழியன்.

"நடுவுல பெரிய ஆத்தோரம் ஒரு ஊரு. அங்க எழுத்தும் கிடையாது, கூட்டமும் கிடையாது. இந்தக் கரைப் பொண்ணை அந்தக் கரையில கட்டிக்குடுப்பாங்க. எல்லைப் புல்லு அவங்களுக்கு மாமன் வீட்டுப் புல்லு. யாருக்குப் பசிச்சாலும் மேய்வாங்க."

வேலாத்தா சுழியனைப் பார்த்தாள். சுழியன் வேலாத்தாவைப் பார்த்தான். இருவரும் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"எங்க ஊரு ஏரியைச் சுத்தி நாலு நாடு. பலகையில உடன்படிக்கை எழுதி வெச்சிருக்காங்க. ஆளுக்கொரு ஆசனம். வருஷத்துக்கு ஒருத்தர் தலைமை. நூறு வருஷமா ஒரு பொறி கிளம்பினதில்ல."

"அதான்! அதான் முறை!" ஈட்டியப்பரின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. "சொல்லுங்க. ஒரு எழுத்து விடாம எழுதிக்கிறேன்."

நோர்பு மனப்பாடமாகச் சொன்னார். வாத்துகள் கிளம்பும் வரை எல்லைப் புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது. வாத்துகள் கிளம்பிய மறுநாள் எல்லா நாட்டாரும் ஒன்றாக இறங்கிப் பத்து நாளில் மேய்ந்து முடிக்க வேண்டும். உடன்படிக்கையில் எதை மாற்றுவதானாலும் நாலு நாடும் சம்மதிக்க வேண்டும்.

பாறைக்குக் கீழே புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அது முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நுணா நின்றிருந்தாள்.

"தெரியலையே, தாயி. நான் மேலே பறந்து போறவன். பலகை இருக்கறதைப் பாத்தேன். எப்படி வந்துச்சுன்னு பாக்கல" என்றார் நோர்பு.

"வாத்து கிளம்பற வரைக்கும்னு எதுக்குப் போட்டிருக்கு? இங்க வாத்து கிளம்பறதுக்குள்ள..."

"ஏம்மா, நீ எந்தக் காடு?" என்று ஈட்டியப்பர் இடைமறித்தார்.

"நான் நடுப்புல்லு."

"நடுப்புல்லுக்கு ஆசனம் இல்லை. ஆசனம் இல்லாதவங்க கேள்வி பலகையில ஏறாது."

"தீப்பிடிச்சா முதல்ல வேகப்போறவ நான். எனக்கு ஆசனம் இல்ல. புல்லு பக்கமே வராத ஆளுக்கு ஆசனம் உண்டு. நல்லா இருக்கு உங்க நியாயம்."

"நாலு நாடுன்னு இருக்கே, நாம ரெண்டு பேருதானே?" என்று சுழியனும் மெல்லக் கேட்டான். ஈட்டியப்பர் எழுதுவதை நிறுத்தவில்லை. "மாத்தினா அதோட பலம் போயிடும், தலைவரே. நூறு வருஷம் நின்ன எழுத்து. அப்படியே இருக்கட்டும்."

பலகையைப் பாறையின் மேல் சாய்த்து வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரு தரப்பும் நடுப்புல் நெடுக மயில்களைக் காவல் நிறுத்தின. யார் கால் வைத்தாலும் அவை அகவ வேண்டும்.

மயில்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. அதில்தான் சிக்கல் வந்தது.

உச்சிவெயிலில் உப்புமண்ணுக்குக் கிளம்பிய காட்டெருமை முதல் எட்டு வைத்ததுமே மயில் அகவியது. காட்டெருமை திரும்பிவிட்டது. ஊற்றுக்குக் கிளம்பிய யானைக்கும் அதே கதிதான். புரண்டு படுக்கும் யானைக்கும் மேகம் பார்க்கும் காட்டெருமைக்கும் இனி வேலை இல்லை. தை போயிற்று. மாசி வந்தது. பள்ளக்காட்டுக் குட்டைகள் சேறாகி, சேறு வெடித்தது. மேட்டுக்காட்டுக் கன்றுகள் உப்புக்கு ஏங்கி மரப்பட்டையை நக்கிக்கொண்டு நின்றன. புல்லோ தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. வாத்துகள் ஏரியில் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன.

நுணா ஈட்டியப்பரைத் தேடிப்போனாள்.

"ஐயா, வாத்து கிளம்பறது பங்குனிக் கடைசியில. அதுக்குள்ள புல்லு எரிஞ்சு முடிஞ்சிருக்கும். தேதியை மாத்துங்க."

"மாத்தலாமே. தாராளமா மாத்தலாம். நாலு நாடும் சம்மதிக்கணும், அவ்வளவுதான்."

"இங்க இருக்கறது ரெண்டுதானே?"

"மத்த ரெண்டையும் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் ஈட்டியப்பர். அவர் விளையாடவில்லை. உண்மையாகவே நாலு திசைக்கும் காக்கையை அனுப்பியிருந்தார்.

நுணாவுக்கு வந்த ஆத்திரத்தில் காலால் தரையை உதைத்தாள். சருகுமான் உதைத்தால் ஒரு சருகுதான் நகரும். நகர்ந்தது. பிறகு வயிற்றுச் சுமையோடு ஏரிக்கு நடக்க ஆரம்பித்தாள். பாதி நாள் நடை.

"ஐயா, நீங்க உடனே ஊருக்குக் கிளம்பணும்" என்றாள், மூச்சு வாங்க.

நோர்பு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "விருந்தாளியைப் பாத்து முதல் வார்த்தையே இதுதானா, தாயி?"

"தப்பா நினைக்காதீங்க. நீங்க கிளம்பினாத்தான் எங்களுக்கு விடிவு. பலகையில அப்படி எழுதியிருக்கு."

"எங்க ஊர்ல இன்னும் ஏரி பனியில கல்லா இறுகிக் கிடக்குது. இப்ப போனா என் கூட்டத்துல பாதி வழியிலேயே செத்துப்போகும்." அவர் யோசித்தார். "இரு. அந்த வரியையுமா எழுதினாங்க? எங்க ஊர் எல்லைப் புல்லுலதான் நாங்க முட்டை வைப்போம். அதை மிதிக்கக் கூடாதுன்னுதான் அந்த வரி. குஞ்சு பொரிச்சு, வளந்து, ஐப்பசியில கிளம்புவோம். அதுக்கப்புறம்தான் அங்க புல்லு காயும்."

"இங்க நீங்க முட்டை வைக்கறதே இல்லையே."

"இல்லையே."

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலையே" என்றார் நோர்பு. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நீ கேட்டே. உன்னைப் பேச விடல" என்றார்.

நுணா ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொண்ணு கேக்கறேன். அந்த நாலு நாடும் பலகை எழுதறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் பேச்சு வார்த்தை உண்டா?"

"நீ கேக்கவும்தான் ஞாபகம் வருது, எங்க பாட்டன் காலத்துல ரத்தக்களறின்னு சொல்வாங்க. ஒருத்தரை ஒருத்தர் நம்ப வழியே இல்ல. அதனாலதான் ஒவ்வொண்ணையும் எழுதி வெச்சுக்க வேண்டியதாப் போச்சு. இங்க எப்படி?"

நுணா எழுந்தாள். இங்கே எப்படி என்று யோசித்துக்கொண்டே திரும்பி நடந்தாள். இங்கே சண்டை வாயில் இருந்தது. கால்கள் என்னவோ தினமும் போய்வந்துகொண்டுதான் இருந்தன. அந்தப் போக்குவரத்துக்கு ஒரு வெட்கம் இருந்தது. வெட்கத்தால்தான் புல்லை யாரும் கடிக்கவில்லை. கடித்திருந்தால், பரவலாக நடந்திருந்தால், அந்த இரண்டு தடமும் நடுப்புல்லைக் குறுக்கே வெட்டும் இரண்டு பொட்டல் வெளியாக இருந்திருக்கும். நீளவாக்கில் ஓடி வரும் தீ அங்கே வந்து நின்றிருக்கும்.

அவள் தலைச்சன் குட்டி இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பொந்துக்குள் குட்டி பிறந்தது. நுணா அதை நக்கிக் காய வைத்தாள். அது பொந்தின் ஆழத்தில் போய்ச் சுருண்டுகொண்டது.

ஐந்தாம் நாள் பாறையில் அவசரக் கூட்டம். தண்ணீரில்லாமல் யானைகளும், உப்பில்லாமல் காட்டெருமைகளும் பொறுமை இழந்திருந்தன. இரண்டு கூட்டமும் முழுசாக வந்து பாறையின் இரு பக்கமும் நின்றன. கொம்பும் தந்தமும் உரசாத குறைதான்.

"உங்க மயிலு எங்களைப் பாத்தா மட்டும் நாலு தடவை அகவுது" என்றாள் வேலாத்தா.

"நீங்க ஏன் மயிலு அகவற தூரத்துக்கு வர்றீங்க? எங்க பக்கத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்றான் சுழியன்.

"எங்களுக்கா? உங்க பக்கம் நாங்க எட்டிப் பாத்ததுகூடக் கிடையாது."

"நாங்களும்தான். உங்க மண்ணுல எங்க குளம்பு பட்டதே இல்ல."

அப்போது புல்லை விலக்கிக்கொண்டு நுணா வந்தாள். தன் தலையைவிடப் பெரிதான காய்ந்த சாணி உருண்டை ஒன்றை மூக்கால் உருட்டிக்கொண்டு வந்தாள். பாறையடியில் அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றார்கள். தட்டையான ஒரு சாண வட்டையைக் கடித்து இழுத்துக்கொண்டு மறுபடி வந்தாள்.

"இது ஊத்துக்குப் போற தடத்துல கிடந்துச்சு" என்று முதல் உருண்டையைக் காட்டினாள். "இது உப்புமண்ணுக்குப் போற தடத்துல. நான் சின்னவ. இந்த அளவுக்கு எனக்கு வராது. யாருதுன்னு நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க."

யாரும் மோந்து பார்க்கவில்லை. மோந்து பார்க்க அவசியமும் இல்லை. சின்ன யானை ஒன்று, "அது மாமாவோடது" என்று உண்மையைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தும்பிக்கை அடி வாங்கியது.

"ஆசனம் இல்லாதவங்க..." என்று ஈட்டியப்பர் ஆரம்பித்தார்.

"இருங்க ஐயா" என்றாள் நுணா. "இந்த மயிலு வர்ற வரைக்கும் தினமும் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆத்தா, உங்க ஆளுங்க ஊத்துல குடிக்கறப்ப மேட்டுக்காட்டு ஆளு மேகத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அண்ணே, நீங்க உப்பு நக்கறப்ப பள்ளக்காட்டு ஆளு புரண்டு படுத்துக்குவாங்க. யாரு சொல்லிக்குடுத்தாங்க? எந்தப் பலகையில இருக்கு? இத்தனை வருஷமா ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டுக்கிட்டுதான் இருக்கீங்க. அதைச் சொல்லிக்க வெக்கம். திருட்டுத்தனமா நடந்தீங்க, அதனால ஒரு புல்லைக் கடிக்கல. அந்தப் புல்லுதான் என் பிள்ளையை எரிச்சுது."

வேலாத்தா காதை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். சுழியன் தன் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலாத்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். "உங்க ஊத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சுழியன் தொண்டையைச் செருமினான். "போன வருஷம் என் கடைசிக் கன்னு பிழைச்சது உங்க உப்புமண்ணுலதான்" என்றான். அவனும் யாரையும் பார்க்கவில்லை.

காற்று திரும்பியது. புகை வாசனை வந்தது.

கிழக்கே மலைச்சரிவில் மூங்கில் வெடிக்கும் சத்தம் கேட்டது. நடுப்புல்லின் கிழக்குக் கோடியில் மஞ்சளாக ஒரு கோடு எழுந்தது. காற்று அதை நீளவாக்கில் மேற்கே தள்ளிக்கொண்டு வந்தது.

"குட்டி" என்றாள் நுணா. ஊற்றுத் தடத்துக்கும் உப்புத் தடத்துக்கும் நடுவே, பொந்தின் ஆழத்தில், பிறந்து ஐந்து நாள் ஆன குட்டி சுருண்டு கிடந்தது.

"வாத்துகள் இன்னும் கிளம்பல. கால் வைக்கறது விதிமீறல்" என்றார் ஈட்டியப்பர்.

வேலாத்தா அவரை மிதிக்காமல் தாண்டிப் போனாள். அதுவே பெரிய மரியாதை. யானைக்கூட்டம் முழுக்க அவள் பின்னால் நடுப்புல்லுக்குள் இறங்கியது. மயில்கள் அகவின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க ஊத்துத் தடம், நாங்க உப்புத் தடம்!" என்று சுழியன் கத்தினான். "ஒத்தையடியா போகாதீங்க. பத்துப் பேரு சேந்து பரவலா நடங்க. கடிங்க, மிதிங்க, பிடுங்குங்க."

ஊற்றுத் தடத்தில் யானைகள் புல்லைக் கற்றை கற்றையாகப் பிடுங்கி எறிந்தன. உப்புத் தடத்தில் காட்டெருமைகள் தோளோடு தோள் சேர்ந்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் என்று நடந்தன. கன்றுகளும் நடந்தன. மிதிபட்ட புல் மண்ணோடு மண்ணாயிற்று.

நேரம் போதவில்லை. ஊற்றுத் தடம் பாதி அகலம் ஆவதற்குள் தீ வந்துவிட்டது. நான்கைந்து இடத்தில் தாண்டியது. யானைகள் பின்வாங்கின.

நுணா பொந்தின் வாயில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆபத்து என்றால் அசையாதே என்றுதான் அவள் குட்டிக்கு முதல் பாடம் சொல்லியிருந்தாள். அது அசையவில்லை. அவளே உள்ளே போய்ப் பிடரியைக் கவ்வி இழுத்துப் பார்த்தாள். இன்னும் ஆழத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

ஒரு பெரிய நிழல் விழுந்தது. வேலாத்தா நின்றிருந்தாள்.

"உள்ள இருக்கா?"

"இருக்கு, ஆத்தா."

வேலாத்தா மரத்தைத் தும்பிக்கையால் வளைத்து நெற்றியோடு அணைத்துத் தூக்கினாள். மரம் குட்டியோடு எழுந்தது. ஒரு கணம் அவள் தயங்கினாள். பழக்கம் எளிதில் விடுமா? "எந்தப் பக்கம் வைக்கட்டும்? எங்க காட்டுல வெச்சா அவங்க..."

"எந்தப் பக்கம் புல்லு இல்லையோ அந்தப் பக்கம் வைங்க" என்றாள் நுணா.

வேலாத்தா மரத்தைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினாள். உப்புத் தடத்தில் காட்டெருமைகள் அறுபது காலடி அகலத்துக்குப் பொட்டல் ஆக்கியிருந்தன. அவை விலகி வழிவிட்டன. மரத்தைப் பொட்டலின் மேற்கு விளிம்பில் இறக்கி வைத்தாள். ஊற்றுத் தடத்தில் பாதி பலம் இழந்திருந்த தீ, உப்புத் தடத்தின் விளிம்புவரை வந்தது. எட்டிப் பார்த்தது. தின்ன ஒன்றும் இல்லை. புகைந்து, படுத்துவிட்டது.

கதையை இனிதாக முடிப்பதற்காக ஒன்றும் பொசுங்கவில்லை என்று சொல்லிவிடலாம். பொசுங்கியது. கிழக்குப் பக்கம் முழுக்கக் கரியாயிற்று. மேட்டுக்காட்டின் மூங்கில் தோப்பில் ஒரு மூலை போனது. வேலாத்தாவின் காது நுனி வெந்தது. இரண்டு மயில்கள் வால் இழந்தன. ஆனால் குட்டி மரத்துக்குள்ளிருந்து தானாக வெளியே வந்து, இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்பதுபோல் ஒவ்வொருவராகப் பார்த்தது. அம்மா மாதிரியே.

பலகையும் எரியவில்லை. தீயணைந்ததும் ஈட்டியப்பர் பாறைக்கு ஓடினார். காற்றில் பறந்துவந்த கொள்ளிகள் அங்கே சருகைப் பற்றவைத்து, பலகையைச் சுற்றி நெடுநேரம் எரிந்திருந்தன. பச்சைக் களிமண் சூளையில் வெந்த செங்கல்லாக இறுகிவிட்டது. இனி ஒரு எழுத்தை அழிக்க முடியாது, ஒரு எழுத்தைச் சேர்க்கவும் முடியாது. காட்டெருமைகள் அதை உப்புத் தடத்தின் ஓரத்தில் நட்டுவைத்தன. முதுகு சொறிந்துகொள்ள அது மிகவும் தோதாக இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் எதையும் எழுதவில்லை. உச்சிவெயிலில் ஒளிந்து நடந்த போக்குவரத்து இப்போது வெயில் தாழ்ந்து, பத்துப் பேர் பார்க்க நடந்தது. போகிறவர்கள் மேய்ந்துகொண்டே போனார்கள், வருகிறவர்கள் மேய்ந்துகொண்டே வந்தார்கள். இரண்டு தடமும் நடுப்புல்லில் அகன்ற இரண்டு பொட்டலாக நிலைத்தன. யார் முதலில் போவது என்பதில் வாரம் ஒரு சண்டை வந்தது. பலாமரம் யாருடையது என்ற பேச்சும் நடுவே வரும். தாகம் எடுத்ததும் நின்றுவிடும்.

அடுத்த மார்கழியில் நோர்பு திரும்பி வந்தபோது மேலிருந்தே அந்த இரண்டு பொட்டலையும் பார்த்துவிட்டார். நேராக நுணாவின் பொந்துக்கருகே இறங்கினார்.

"எந்த ஊர் முறையைக் கடைசியில எடுத்துக்கிட்டீங்க? எங்களதா, ஆத்தங்கரை ஊரதா?"

"ரெண்டும் இல்ல. இங்கயே ஒண்ணு இருந்துச்சு. யாரும் அதைத் திரும்பிப் பாக்கல" என்றாள் நுணா. "இந்தத் தடவை மேலேருந்தே பாத்துட்டுப் போகாதீங்க, ஐயா. எங்க ஊருல எப்படின்னு அங்க போய்ச் சொல்றதா இருந்தா, கொஞ்சம் நடந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

நோர்பு நடந்தார். வாத்து நடை மெதுவானது. ஊற்றுத் தடத்தைப் பார்த்து முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

இன்னொரு நாட்டில் நன்றாக நடக்கும் ஒப்பந்தத்தைக் காரணம் கேட்காமல் பெயர்த்துவந்து நடுகிறவர்கள் தங்கள் எல்லையையே எரித்துக்கொள்வார்கள். தங்கள் எல்லையில் ஏற்கெனவே நடக்கும் ஒத்தாசையை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்கிறவர்களுக்கே அண்டை நாடு துணை நிற்கும்.